ஒரு கட்டைவிரல் இடம்

செருப்புக் கடையில் அவருக்குக் கட்டைவிரல் அண்ணன் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. இருபத்தாறு வருடங்களாக அவருடைய வேலை இதுதான்: முன்பக்கம் சாய்வுப் பலகை வைத்த குட்டி ஸ்டூலில் உட்கார வேண்டும், வந்தவர் காலை எடுத்துப் பலகையில் வைக்க வேண்டும், ஷூவை மாட்டி, நாடாவைக் கட்டி, முனையில் தன் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்த வேண்டும். "ஒரு விரல் இடம் இருக்கு. வளர்ற பிள்ளை. இதுதான் சரி." தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. அதற்கு மேல் அந்தக் கடையில் அப்பீல் கிடையாது.

சும்மா சொல்லக் கூடாது, மனிதர் தொழிலில் கில்லாடி. ஆள் வாசற்படி ஏறும்போதே ஏழா எட்டா என்று சொல்லிவிடுவார். கால் அளவு மட்டுமா, ஆள் அளவும் அவருக்கு அத்துப்படி. யாருக்கும் ஒரே ஒரு பெட்டியைக் கொண்டுவந்து காட்ட மாட்டார். மூன்று பெட்டி. முதலாவது, விலையைக் கேட்டால் தலை சுற்றும். இரண்டாவது, காலைக் கடிக்கும். மூன்றாவது, அவர் முதலிலேயே மனத்தில் முடிவு செய்து வைத்தது. வந்தவர் அந்த மூன்றாவதைத் தானே கண்டுபிடித்த மாதிரி முகமெல்லாம் சிரிப்பாக எடுத்துக்கொண்டு போவார்.

கேட்ட அளவு கையிருப்பில் இல்லையென்றால் அதற்கும் வழி வைத்திருந்தார். பெரிதாக இருந்தால், "உள்ள ஒரு அட்டை போட்டா கச்சிதம் சார்." சின்னதாக இருந்தால், "தோல்தானே சார், போடப் போட விரிஞ்சிடும். ஒரு வாரம்தான், பழகிடும்." இந்தக் கடைசி வசனத்தை நம்பி எத்தனை பேர் ஊருக்குள் நொண்டிக்கொண்டு திரிந்தார்களோ, அந்தப் பாவக் கணக்கை யாரும் எடுத்ததில்லை. பெட்டி மூடியில் தூசி படிந்த, மாதக்கணக்கில் நகராத சரக்கு எதுவானாலும் முதலாளி அவரிடம்தான் தள்ளுவார். முழங்கையால் தூசியைத் துடைத்துவிட்டு, சாயங்காலத்துக்குள் யார் தலையிலாவது கட்டிவிடுவார்.

இப்பேர்ப்பட்ட ஆளுக்கு நாற்பத்தெட்டாவது வயதில் ரோடு சைக்கிள் ஆசை வந்தது. அந்த வளைந்த ஹேண்டில் வைத்து, ஒல்லி டயரோடு, குனிந்து ஓட்டுவார்களே, அதேதான்.

காரணம் மகள். பதினேழு வயது. பள்ளியின் சைக்கிள் பந்தய அணியில் இருக்கிறாள். விடியற்காலை ஐந்தேகாலுக்குப் பயிற்சிக்குக் கிளம்பிவிடுவாள்; அப்போது அப்பா தூக்கத்தில் இருப்பார். அப்பா கடை அடைத்து வீடு திரும்பும்போது அவள் தூங்கிப்போயிருப்பாள். போர்வைக்கு வெளியே இரண்டு பாதங்கள் மட்டும் தெரியும். மகள் வளர்ந்ததை அவர் பார்த்ததெல்லாம் அந்தப் பாதங்களில்தான். ஐந்து, ஆறு, ஏழு என்று கண்ணாலேயே அளந்துகொண்டு, ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு ஜோடி கொண்டுவந்து போட்டுப் பார்த்து, கட்டைவிரலால் அழுத்தித் தீர்ப்பும் சொல்வார். இன்னும் பத்து மாதத்தில் பள்ளி முடிகிறது. அப்புறம் கல்லூரி, விடுதி, வேறு ஊர். பாதமும் கண்ணில் படாது.

ஒரு கடை விடுமுறை நாளில் தற்செயலாகச் சீக்கிரம் விழித்துவிட்டார். மகள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்களும் வாங்களேன்ப்பா," என்றாள், சும்மா ஒரு பேச்சுக்கு.

மனிதர் உடனே கிளம்பிவிட்டார். எதிர்வீட்டுக்காரரின் கூடை வைத்த சைக்கிளை இரவல் வாங்கி, லுங்கியை மாற்றக்கூட நேரமில்லாமல் மடித்துக் கட்டிக்கொண்டு மிதித்தார். முதல் திருப்பத்திலேயே மகள் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விட்டாள். தொழிற்சாலை மதிலைத் தாண்டி, ஏரிக்கரையைத் தாண்டி, மூச்சு வாங்கி, ஒருவழியாகப் பாலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். பாதியைப் பிய்த்து அவருக்குக் கொடுத்தாள். பிறகு பேசினாள். வேதியியல் ஆய்வகத்தில் அமிலம் பட்டுச் சட்டையில் ஓட்டை விழுந்த கதை, பேச்சை நிறுத்திவிட்ட தோழி, கால் தசைகளைப் பற்றிப் படிக்கும் படிப்பில் சேரலாமா என்ற யோசனை. பத்து நிமிடம்தான். மூன்று வருடமாக வீட்டில் கேட்காததையெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் கேட்டுவிட்டார்.

அன்றே முடிவு செய்துவிட்டார். இனி தினமும் அந்தப் பாலம் வேண்டும். அதற்கு அவள் பின்னாலாவது ஓட்டத் தெரிய வேண்டும். கூடை வைத்த சைக்கிளால் அது நடக்காது.

"ஏங்க, சைக்கிள் கடைக்கு அவளையும் கூட்டிட்டுப் போங்க, அவளுக்குத்தான் தெரியும்," என்றாள் மனைவி. அவள் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். எதையும் டாக்டர் சீட்டைப் பார்த்துத்தான் கொடுப்பாள், சீட்டைப் பார்த்துத்தான் நம்புவாள்.

"எனக்கா கடை புதுசு? எந்தக் கடைக்காரன் என்ன சொல்லுவான்னு அவன் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே சொல்லுவேன். நானே போய் எடுத்துட்டு வந்து அவளை அசத்தறேன் பாரு!"

சைக்கிள் கடையை நடத்துவது முப்பத்தைந்து வயதுப் பெண்மணி. மணிக்கட்டுவரை கிரீஸ். சட்டைப் பையில் ஸ்பேனர். அண்ணன் உள்ளே நுழைந்தபோது அவள் காலையிலிருந்து நின்று நின்று வலித்த காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருந்தாள். கடைக்காரர் கண் அதைக் கவனித்தது. 'ஆறரை. போட்டிருக்கிறது தப்பான ஷூ' என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டார்.

"எந்த ரோட்டுல ஓட்டப் போறீங்க சார்? எவ்வளவு தூரம்? யாரோட?" என்று அவள் ஆரம்பித்தாள்.

ஆளை எடை போடுகிறாள், சபாஷ், என்று நினைத்துக்கொண்டார். இருந்தாலும் பதில் சொன்னார். ஏரிக்கரை, பாலம், அதற்கப்புறம் தண்ணீர்த் தொட்டி மேடு, மகளோடு.

"அப்ப ரொம்பக் குனிஞ்சு ஓட்டற வண்டி வேண்டாம். ஹேண்டில் கொஞ்சம் உசரமா இருக்கறது எடுத்துக்குங்க. பிரேம் அலுமினியம் போதும், முன் சக்கரத்தைப் பிடிக்கற ஃபோர்க் மட்டும் கார்பனா இருந்தா கைக்கு அதிர்வு குறையும். முழு கார்பன் எல்லாம் ஒரு வருஷம் ஓட்டிட்டு யோசிங்க. டயர் ரொம்ப ஒல்லியா வேண்டாம். மேடு ஏற லேசான கியர் இருக்கணும், அது முக்கியம். மிச்சப் பணத்துல ஹெல்மெட்டும், பஞ்சு வச்ச டவுசரும் வாங்குங்க. டவுசர் இல்லாம போனீங்கன்னா ரெண்டாம் நாள் உக்கார மாட்டீங்க."

அண்ணனுக்குக் குழப்பமாகிவிட்டது. விலை அதிகமான முதல் பெட்டியைக் காணோமே! இவள் எதிலிருந்து ஆரம்பிக்கிறாள்? வாங்க வேண்டாம் என்று சொல்லி நம்ப வைக்கிற பெரிய வித்தைக்காரியோ? அவர் உஷாரானார்.

செருப்பைக் கழற்றச் சொல்லி அவரைச் சுவரில் சாய்த்து நிறுத்தினாள். தடித்த பழைய டெலிபோன் புத்தகம் ஒன்றைக் கொடுத்துத் தொடைகளுக்கு நடுவே மேலே முட்டுகிறவரை இடுக்கிக்கொள்ளச் சொன்னாள். புத்தகத்தின் மேல் விளிம்பு சுவரில் தொட்ட இடத்தில் பென்சிலால் கோடு போட்டாள். டேப்பை வைத்தாள். கையின் நீளத்தையும் அளந்தாள்.

"அம்பத்திரண்டு சைஸ் சார். உங்களுக்குன்னே ஒண்ணு இருக்கு."

பின்கட்டிலிருந்து ஒரு கடுகு மஞ்சள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சீட்டின் மேல் தூசி. அவள் முழங்கையால் ஒரே இழுப்பாகத் துடைத்தாள்.

அந்த முழங்கையைப் பார்த்ததும் அண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் ஏறி உட்கார்ந்து பார்த்தார். எதிர்வீட்டு சைக்கிளில் கால் வீசி உட்கார்ந்து பழகியவருக்கு எல்லாம் நெருக்கிப் பிடித்தது போல இருந்தது.

"சின்னதா இருக்கேம்மா?"

"முதல்ல அப்படித்தான் தெரியும் சார். ஒரு வாரம்தான், பழகிடும்."

அடி சக்கை! நம்ம வசனத்தை நம்மகிட்டயே விடறாளே! அண்ணன் உள்ளுக்குள் விழுந்து விழுந்து சிரித்தார். யாரும் சீண்டாத மஞ்சள் நிறம், தூசி, முழங்கை, ஒரு வாரம், பழகிடும். ஒன்றுகூடப் பாக்கி இல்லை. நகராத சரக்கை என் தலையில் கட்டப் பார்க்கிறாள்.

"அந்தச் சிவப்பு என்ன சைஸ்?" என்று முன்பக்கம் கண்ணாடியோரம் தொங்கிய ஒன்றைக் காட்டினார்.

"அது அம்பத்தாறு சார். உங்க உயரத்துக்கு ஆகாது. கைய நீட்டி நீட்டிக் கழுத்து போயிடும்."

"கொஞ்சம் இடம் இருந்தா நல்லதுதானேம்மா."

"சைக்கிள்ல இடமெல்லாம் விட மாட்டாங்க சார். இனிமே நீங்க வளரவா போறீங்க?"

அண்ணனுக்குச் சுருக்கென்றது. "இங்க பாரும்மா, நானும் கடையிலதான் நிக்கறேன். மணிக்கூண்டுக்கு எதிர்ல இருக்கற செருப்புக் கடை. இருபத்தாறு வருஷம். எனக்கே காதுல பூவா?"

அவள் இன்னொரு தடவையும் சொல்லிப் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டு, சிவப்பைக் கீழே இறக்கி, காற்றடித்து, பிரேக்கைச் சரிபார்த்து, பில்லின் பின்பக்கம் ஏதோ எழுதினாள். "முப்பது நாளைக்குள்ள எடுத்துட்டு வந்தீங்கன்னா மாத்தித் தர்றேன் சார்." இதுவும் நம்ம வசனம்தான், யார் திரும்பி வரப்போகிறார்கள் என்று நினைத்து பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டு வாசலில் சிவப்பு சைக்கிளை நிறுத்தியபோது மனைவி மேலும் கீழும் பார்த்தாள். "ஏங்க, இதுக்கு ஏணி தனியா வாங்கணுமா?"

மகள் ஒரு சுற்று சுற்றி வந்தாள். சீட்டையும் ஹேண்டிலையும் பார்த்தாள். "அப்பா... கொஞ்சம் பெருசு இல்ல?"

"எனக்கே அளவு சொல்றியா நீ?"

அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அதில் அப்படியொரு பூரிப்பு. வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு, "சூப்பரா இருக்குப்பா," என்றாள்.

முதல் வாரம் சொர்க்கம்தான். அடேயப்பா, என்ன வேகம்! ஒரு மிதி மிதித்தால் தொழிற்சாலை மதில் பின்னால் ஓடியது. மகளின் முதுகு கண்ணை விட்டு மறையவில்லை. பாலத்தில் வாழைப்பழம், பத்து நிமிடப் பேச்சு. பேச்சை நிறுத்திய தோழி திரும்பவும் பேசிவிட்டாள். ஆய்வக ஆசிரியைக்கு இரட்டைக் குழந்தை. கடைக்கு வந்து இதையெல்லாம் கேஷியரிடம் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார்.

இரண்டாம் வாரம் கழுத்து இறுகியது. அந்த ஹேண்டிலை எட்டிப் பிடிக்க மனிதர் கொடியில் காயப்போட்ட சட்டை மாதிரி நீண்டு கிடக்க வேண்டியிருந்தது. வண்டியை நிறுத்தினால் கால் நுனிவிரல்தான் தரையைத் தொடும். உள்ளங்கை மரத்து, சுண்டுவிரலும் மோதிரவிரலும் தூங்கிப்போயின. கடையில் வாடிக்கையாளரின் நாடாவைக் கட்ட மூன்று தடவை முயற்சி செய்ய வேண்டியிருந்தது. அண்ணன் சளைத்தவரா? சீட்டை முன்னால் தள்ளினார். ஹேண்டிலில் பஞ்சு சுற்றினார். பெரிய ஷூவுக்குள் அட்டை போடுகிற அதே வைத்தியம். 'போடப் போடச் சரியாயிடும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தன் வசனத்துக்குத் தானே வாடிக்கையாளர் ஆகிப்போனார்.

"இந்த மாசம் எங்க கடையில வலி மருந்து அதிகமா வாங்கின ஆளு யாருன்னு நினைக்கிறீங்க?" என்றாள் மனைவி, கழுத்தில் களிம்பைத் தேய்த்துக்கொண்டே. "சைக்கிளைப் போய் மாத்துங்கன்னா கேக்கறதில்ல."

"வயசும்மா, வேற ஒண்ணுமில்ல," என்றார். அதைத்தான் அவர் நிஜமாகவே நம்ப ஆரம்பித்திருந்தார்.

மூன்றாம் வாரக் கடைசியில் பாலத்தில் மகள் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாள். "கோச் நேத்து கேக்கறார்ப்பா, காலைல யாரோட ஓட்டற, கட்டை வண்டியோடவான்னு." அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அண்ணனும் சிரித்தார். ஆனால் அடுத்த மாதம் அவளுக்கு மாவட்ட அணித் தேர்வு இருந்தது. அவள் சைக்கிளில் ஒட்டியிருந்த, வேகம் காட்டும் சின்ன மீட்டரை அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். தன்னைப் பின்னால் இழுத்துக்கொண்டு போவதால்தான் அவள் மெதுவாகப் போகிறாள். பெற்ற பெண்ணின் காலைக் கட்டிப்போட்டுவிட்டு அவளோடு வாழைப்பழம் தின்ன வேண்டுமா?

மறுநாள் காலை, "கடையில ஸ்டாக் எடுக்கறாங்க தங்கம், ரெண்டு வாரத்துக்கு வர முடியாது," என்று படுக்கையிலிருந்தபடியே சொன்னார்.

"சரிப்பா," என்றாள். கொஞ்ச நேரம் கதவருகிலேயே நின்றுவிட்டுப் போனாள்.

மூன்று விடியற்காலைகள் அவர் கண்ணைத் திறந்துகொண்டே படுத்திருந்தார். அவள் சைக்கிளைப் படியிறக்கும் சத்தம், கேட் சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. மனம் விட்டே போயிற்று மனிதருக்கு. பத்து நிமிடப் பேச்சு போய், மறுபடியும் போர்வைக்கு வெளியே இரண்டு பாதங்கள் மட்டும் மிச்சமாயின.

நான்காம் நாள் பிற்பகல் கடையில் நல்ல கூட்டம். ஸ்டூல் பலகையில் வந்து உட்கார்ந்த காலைப் பார்த்ததும், ஆறரை, தப்பான ஷூ, என்று மனம் தானாகச் சொன்னது. நிமிர்ந்து பார்த்தார். சைக்கிள் கடைக்காரம்மா.

"நீங்க இங்கதான் வேலைன்னு சொன்னீங்களே சார். நாள் முழுக்க நின்னு நின்னு கால் போயிடுச்சு. இருபத்தாறு வருஷம்னீங்க, அதான் உங்ககிட்டயே வந்துட்டேன். நல்லதா ஒண்ணு நீங்களே பாத்துக் குடுங்க."

அளந்தார். இடது கால் ஆறரைக்கும் ஒரு நூல் மேலேயே இருந்தது. ஏழு வேண்டும். சரக்கறைக்குப் போய் ஏணியில் ஏறிப் பார்த்தார். நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு ஏற்ற, குதி தாழ்வான கறுப்பு ஷூவில் ஏழு இல்லை. ஆறு ஒன்றே ஒன்று இருந்தது. மூடியில் தூசி. முழங்கையால் துடைத்துக்கொண்டே ஏணியில் இறங்கினார். நாடாவைக் கட்டும்போது விரல்கள் தடுமாறின.

"விரல் மரத்துப் போகுதா சார்?" என்றாள் அவள் மெதுவாக.

"சேச்சே, வேலை ஜாஸ்தி."

அவள் எழுந்து நின்று முகத்தைச் சுளித்தாள். "கொஞ்சம் பிடிக்குது சார்."

"தோல்தானேம்மா, போடப் போட விரிஞ்சிடும். ஒரு வாரம்தான், பழகிடும்."

வாய் பாட்டுக்குச் சொல்லிவிட்டது. அவளும், "நீங்க சொன்னா சரிதான் சார்," என்று ஒரு கேள்வியும் கேட்காமல் பணத்தைக் கட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அண்ணன் தன் சட்டையின் முழங்கையைப் பார்த்தார். தூசி ஒட்டியிருந்தது. சைக்கிள் சீட்டைத் துடைத்த அவள் முழங்கை நினைவுக்கு வந்தது. அவள் அளந்து சொன்னாள். இரண்டு தடவை சொன்னாள். விலை கம்மியானதை எடுக்கச் சொன்னாள். அவள் சொன்ன அந்த வசனம் அவளுடைய கடையில் உண்மை. இவருடைய கடையில்தான் அது பொய். அவள் இவரை நம்பி நாளைக்கு நொண்டப் போகிறாள். சீ, என்ன மனுஷன் நான்!

இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக, கூட்டம் இருக்கும்போது ஸ்டூலை விட்டு எழுந்து ஓடினார். "அண்ணே! அண்ணே!" என்று கேஷியர் கூப்பிட்டது காதில் விழவில்லை. கையில் ஷூ மாட்டும் கரண்டி. மணிக்கூண்டைச் சுற்றி, பழ வண்டியில் இடித்து, சிக்னலில் நின்றுகொண்டிருந்தவளைப் பிடித்துவிட்டார்.

"அம்மா! அது விரியாதும்மா! உங்களுக்கு ஏழு வேணும். எங்ககிட்ட ஏழு இல்ல. நாளைக்கு வரவழைச்சு நானே கொண்டு வந்து தர்றேன், இத இப்பவே குடுத்துடுங்க!"

அவள் ஒரு நிமிடம் அவரையும் கரண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"உங்க சைக்கிளும் சுருங்காது சார். மாத்திக்க இன்னும் நாலு நாள் பாக்கி இருக்கு."

நடுரோட்டில் நின்று அண்ணன் கடகடவென்று சிரித்தார். கழுத்து வலியோடு சிரித்தார். "ஏம்மா, அப்ப அந்த மஞ்சள்ல ஏன் அவ்வளவு தூசி?"

"ஆம்பளைங்க யாரு சார் தன் அளவு கேட்டு வாங்கறாங்க? எல்லாரும் ரெண்டு கூட்டித்தான் கேக்கறாங்க. ஆனா தூசி தட்டாதது என் தப்பு."

மறுநாள் ஏழாம் நம்பர் ஷூவோடு சிவப்பு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். பில்லைத் திருப்பிப் பார்த்தார். 'அளவு அவரே கேட்டது. கண்டிப்பாக வருவார்' என்று எழுதியிருந்தாள். மஞ்சள் சைக்கிளில் அவரை உட்கார வைத்து, சீட்டை ஏற்றி இறக்கி, ஹேண்டிலைத் திருப்பி, அரை மணி நேரம் சரி செய்தாள். இப்போது கை தானாகப் போய் ஹேண்டிலில் உட்கார்ந்தது. நிறுத்தினால் பாதம் தரையில் ஊன்றியது. முதலில் சின்னதாகத்தான் தெரிந்தது. கடை வாசலிலிருந்து தெருமுனைவரை ஓட்டிவிட்டுத் திரும்புவதற்குள் பழகியும் போயிற்று.

அடுத்த நாள் ஐந்தேகாலுக்கு மகள் கதவைத் திறந்தால் வாசலில் அப்பா ஹெல்மெட்டோடு நிற்கிறார்.

"ஸ்டாக் எடுத்து முடிஞ்சுதா?" என்றாள். பிறகுதான் மஞ்சளைப் பார்த்தாள். சிரிப்பு காதுவரை போயிற்று.

அன்றைக்கு ஓட்டியதைக் கட்டைவிரல் அண்ணன் சாகும்வரை மறக்க மாட்டார். தொழிற்சாலை மதிலோரம் அவள் பின்னாலேயே போனார். ஏரிக்கரையில் பக்கத்திலேயே போனார். பக்கத்தில்! பாலம் வரட்டும் என்று காத்திருக்கவே வேண்டாம், அவள் ஓட்டிக்கொண்டே பேசினாள், அவர் ஓட்டிக்கொண்டே கேட்டார். காற்றில் பாதி வார்த்தை பறந்தது. மீதிப் பாதியே போதுமாக இருந்தது. தண்ணீர்த் தொட்டி மேட்டில் லேசான கியரில் போட்டு, நாக்கு தள்ள, ஒரு தடவைகூட இறங்காமல் ஏறிவிட்டார்.

"உன் கோச் திட்டப்போறார்," என்றார் உச்சியில், மூச்சு வாங்கிக்கொண்டே.

"திட்டினா திட்டட்டும். சாயங்காலம் கிரவுண்டுல வேகமா ஓட்டிக்கறேன். காலைல ஓட்டறது உங்களோட பேசறதுக்குப்பா. நீங்க வரலைன்னதும் அந்த அஞ்சு நாளும் எனக்கு ரொம்ப போர்."

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காற்று என்று சொன்னார். அவளும் ஆமாம், காற்றுதான் என்றாள்.

திரும்பும் வழியில் பாலத்தில் உட்கார்ந்தார்கள். மகள் ஷூவுக்குள் கல் புகுந்துவிட்டது என்று கழற்றி உதறினாள். அடியில் கொக்கி வைத்த சைக்கிள் ஷூ, சென்ற பிறந்தநாளுக்கு அண்ணன் கடையில் சொல்லி வரவழைத்துக் கொடுத்தது. கல்லோடு சேர்ந்து ஒரு பஞ்சு உருண்டையும் வெளியே விழுந்தது.

"இது என்ன?"

"ஒண்ணுமில்லப்பா." அவசரமாக எடுத்து உள்ளே திணிக்கப் போனாள்.

அண்ணன் விடவில்லை. பழக்கதோஷம், பாலத்துத் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து அவள் காலை எடுத்துத் தன் முழங்கால்மேல் வைத்து, ஷூவை மாட்டி, முனையில் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் முழுசாக உள்ளே போயிற்று. அதற்கப்புறமும் இடம் இருந்தது. பாதத்தைக் கையில் பிடித்துப் பார்த்தார். ஏழு. ஷூ எட்டு. வளர்கிற பெண் என்று அவரே சேர்த்த ஒரு விரல்.

"நீ எப்ப வளர்றத நிறுத்தின?"

"ரெண்டு வருஷம் ஆச்சுப்பா."

ஊர்ப் பிள்ளைகள் காலையெல்லாம் தொட்டுத் தொட்டு அளந்தவர், தன் வீட்டுப் பெண் வளர்ந்து முடித்ததைப் பார்க்காமல் விட்டிருக்கிறார்.

"ஏன்டா தங்கம் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? கொண்டு வந்து மாட்டி, அந்தக் கட்டைவிரலை வச்சு அழுத்தி, இதுதான் சரின்னு சொன்னப்ப உங்க மூஞ்சியை நீங்க பாத்திருக்கணும். சிவப்பு சைக்கிள் கொண்டு வந்த அன்னைக்கும் அதே மூஞ்சி." அவள் சிரித்தாள். "உங்களுக்குக் கழுத்து வலி, எனக்குக் கால்ல கொப்புளம். சரியாப் போச்சு, விடுங்க."

விடுவாரா? அன்று கடை திறக்கும்போதே வாசலில் நின்றார். சாயங்காலத்துக்குள் வேறு கடையிலிருந்து ஏழாம் நம்பர் சைக்கிள் ஷூ வந்து சேர்ந்தது. அதற்கப்புறம் கடையில் அளவு இல்லையென்றால் இல்லை என்றே சொல்ல ஆரம்பித்தார். "அடுத்த தெருவுல கிடைக்கும் சார், போய்ப் பாருங்க," என்பார். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அடுத்த தெருவுக்குப் போனவர்களெல்லாம் அடுத்த தடவை பிள்ளைகுட்டியோடு இவரிடமே திரும்பி வந்ததைப் பார்த்த பிறகுதான் கையை எடுத்தார்.

புது ஷூ போட்ட முதல் நாள் மகள் ஏரிக்கரை வரையில் அப்பாவோடு பேசிக்கொண்டே வந்தாள். அங்கே, "ஒரே ஒரு தடவை அழுத்திப் பாக்கறேன்ப்பா," என்றாள். அழுத்தினாள். அவ்வளவுதான், அம்பு மாதிரி பறந்துவிட்டாள். அண்ணன் மஞ்சள் சைக்கிளில் இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி மிதித்துப் பார்த்தார். ம்ஹூம், முதுகுகூடத் தெரியவில்லை. "போடி என் ராஜாத்தி!" என்று ஏரிக்கரையே கேட்கும்படி கத்தினார். மாவட்ட அணி என்ன, இவள் எங்கேயோ போகப்போகிறாள் என்று தோன்றியபோது வருத்தமாகவே இல்லை. நெஞ்செல்லாம் சந்தோஷமாக இருந்தது.

பாலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். வாழைப்பழத்தில் சரிபாதி அவருக்கு வைத்திருந்தாள்.

"என்னப்பா, இவ்வளவு நேரம்? எவ்வளவு விஷயம் இருக்கு சொல்றதுக்கு!"

அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, பழத்தை வாங்கிக்கொண்டு, பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

"ம், சொல்லு," என்றார்.